ஆறு வாரக் குழந்தையைக் கைரோபிராக்டரிடம் காட்டலாமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். எங்கள் மகளுக்கு ஆறு வாரம். சாயங்காலம் ஆனால் மூன்று மணி நேரம் விடாமல் அழுகிறாள். என் கணவருக்கு ரொம்ப நாளாக இடுப்பு வலி. அருகில், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்கில் குடும்பத்துக்கே சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். பிரசவத்தின்போது குழந்தையின் கழுத்தெலும்பு லேசாக விலகியிருக்கும், அதைச் சரிசெய்தால் அழுகை நின்றுவிடும் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் "உரம் விழுந்திருக்கு" என்கிறார். போகலாமா?

பதில்: குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் கணவர் போகலாம், ஆனால் சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். எங்களுக்கும் கைரோபிராக்டர்களுக்கும் தொழில் போட்டி உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைப் படியுங்கள்.

அந்தப் பேக்கேஜில் என்னை உறுத்துவது அதன் விலையைவிட அது சேர்த்துக் கட்டியிருக்கும் விதம்தான். பெரியவர்களின் இடுப்பு வலிக்கு முதுகெலும்பைக் கையால் அழுத்தித் தரும் சிகிச்சை ஓரளவு பலன் தரும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. குழந்தையின் அழுகைக்கு அது பலன் தரும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. இரண்டையும் 'குடும்ப நலம்' என்ற ஒரே பெயரில் விற்கும்போது, அப்பாவுக்கு வலி குறைந்ததைப் பார்த்து மகளுக்கும் அது நல்லது என்று நம்பிவிடுகிறோம். அதனால் இரண்டையும் பிரித்தே பேசுகிறேன்.

முதலில், எலும்பு விலகல் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காது சரியாகக் கேட்காது. அவர் முதுகில் புடைத்திருந்த ஒரு எலும்பைத் தள்ளிச் சரிசெய்ததும் கேட்கத் தொடங்கிவிட்டது என்று பால்மர் சொன்னார். செவி நரம்பு காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே நேராக மூளைக்குப் போகிறது, முதுகெலும்பு வழியாகப் போவதில்லை. ஆனாலும் அந்தச் சம்பவத்தை அடித்தளமாக வைத்து, நோய்களில் 95 சதவீதம் முதுகெலும்பு நகர்வதால் வருபவை என்று அவர் எழுதினார். அந்த நகர்வுக்கு 'சப்லக்சேஷன்' என்று பெயர். எந்த நோயும் இல்லாத பச்சைக் குழந்தைக்கும் 'செக்கப்' தேவை என்று இன்று சில கிளினிக்குகள் சொல்வது இந்த நம்பிக்கையிலிருந்து வருவதுதான்.

கைரோபிராக்டர்கள் எல்லோரும் இதை இன்னும் நம்புகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் அந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே, சப்லக்சேஷனால் நோய் வருகிறது என்று சொல்லிக்கொள்ள ஆய்வு ஆதாரம் இல்லை என்று 2010இல் அறிவித்தது. டென்மார்க்கில் ஓடென்ஸ் நகரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் மாணவர்கள் மருத்துவ மாணவர்களோடு சேர்ந்தே படிக்கிறார்கள். முதுகு வலி, கழுத்து வலியோடு நிறுத்திக்கொண்டு நேர்மையாக வேலை செய்பவர்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளினிக்குக்கு கிளினிக் வித்தியாசம் அவ்வளவு பெரியது.

இப்போது குழந்தைக்கு வருவோம்.

பிறந்த குழந்தையின் முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணியும் முழு எலும்பாக இருக்காது. மூன்று சிறிய எலும்புத் துண்டுகளாக, நடுவே குருத்தெலும்பால் இணைந்து இருக்கும். அவை ஒன்றாகச் சேரச் சில ஆண்டுகள் ஆகும். தசைநார்கள் தளர்வாக இருக்கும், தலையோ உடம்புக்குப் பெரியதாக இருக்கும். இப்படிப்பட்ட கழுத்தில் எலும்பு லேசாக விலகியிருப்பதை விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு எந்த நிரூபணமும் இல்லை. உண்மையிலேயே கழுத்தெலும்பு இடம் பெயர்ந்திருந்தால் குழந்தை சாயங்காலம் அழுதுவிட்டு ராத்திரி பால் குடித்துத் தூங்காது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்.

"நாங்கள் நெட்டி முறிப்பதில்லை, பழுத்த தக்காளியைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்குத்தான் அழுத்துகிறோம்" என்று கிளினிக்கில் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். அப்படியென்றால் அந்த அழுத்தத்தில் எந்த எலும்பும் நகராது. எலும்பை நகர்த்தும் அளவுக்கு அழுத்தினால் அதைக் குழந்தைக்குச் செய்யவே கூடாது. இரண்டில் எது நடந்தாலும் உங்கள் மகளுக்கு அது தேவையில்லை.

பிறகு ஏன் இத்தனை பெற்றோர் "எங்கள் குழந்தைக்குச் சரியாகிவிட்டது" என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தை அழுகைக்கு ஒரு இயல்பான போக்கு உண்டு. இரண்டாவது வாரம் வாக்கில் கூடத் தொடங்கும், ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், அதன் பிறகு மெதுவாகக் குறைந்து மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நன்றாக வளரும் குழந்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளைக்கு மேல் அழுதால் அதை கோலிக் என்பார்கள். பெற்றோர் தாங்க முடியாமல் உதவி தேடிப் போவது அந்த உச்சத்தில்தான். ஆறாவது வாரத்தில் எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும் எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் அழுகை குறைந்திருக்கும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் குறைந்திருக்கும்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது நார்வேயில் நடந்து 2001இல் வெளியானது. கோலிக் உள்ள குழந்தைகளில் 46 பேருக்குக் கைரோபிராக்டர் சிகிச்சை. இன்னொரு 40 பேரை ஒரு நர்ஸ் தனி அறையில் பத்து நிமிடம் வெறுமனே மடியில் வைத்திருந்தார். எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியாது. சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும், நர்ஸ் மடியில் இருந்தவர்களில் 60 சதவீதம் பேருக்கும் அழுகை குறைந்தது. இத்தனை சிறிய ஆய்வில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பெற்றோரிடம் இதை மறைக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், அழுகையின் நேரத்தைக் குறித்து வைப்பது அவர்கள்தான். பணமும் நம்பிக்கையும் போட்டவர் கையில் பேனா இருந்தால் கணக்கு தானாகச் சாய்ந்துவிடும். டென்மார்க்கில் 200 குழந்தைகளை வைத்து, அதே போலப் பெற்றோருக்குத் தெரியாமல் நடத்திய ஆய்வு 2021இல் வந்தது. சிகிச்சைக் குழுவில் அழுகை ஒன்றரை மணி நேரமும், மற்றக் குழுவில் ஒரு மணி நேரமும் குறைந்தது. தொடக்கத்தில் எந்தக் குழந்தை எவ்வளவு அழுதது, என்ன வயது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்ததும் அந்த அரை மணி நேர வித்தியாசமும் உறுதியாக நிற்கவில்லை.

நீங்கள் இருக்கும் விக்டோரியாவிலேயே இது பெரிய விவாதமாக நடந்தது. இரண்டு வாரக் குழந்தையை ஒரு கைரோபிராக்டர் தலைகீழாகப் பிடித்துச் சிகிச்சை செய்யும் வீடியோ பரவியதும், 2019 மார்ச்சில் ஆஸ்திரேலிய கைரோபிராக்டிக் வாரியம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பை அழுத்தித் திருத்தும் சிகிச்சை செய்யக் கூடாது என்று தற்காலிகக் கொள்கை அறிவித்தது. மாநில அரசின் 'சேஃபர் கேர் விக்டோரியா' அமைப்பு விசாரணை நடத்தியது. ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்ததற்கான சான்று மிகமிகக் குறைவு என்று அது சொன்னது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பலன் இருப்பதற்கான சான்றும் பலவீனமானது என்று சொல்லி, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு கோலிக், ஆஸ்துமா, காது நோய், படுக்கையில் சிறுநீர் போவது, தலைவலி, கழுத்துச் சாய்வு, ஆட்டிசம் போன்றவற்றுக்கும், 'பொதுவான ஆரோக்கியத்துக்கு' என்றும் இந்தச் சிகிச்சையை யாருமே தரக் கூடாது என்று பரிந்துரைத்தது. 'யாருமே' என்பதில் என்னைப் போன்ற பிசியோக்களும் அடக்கம். 2023 இறுதியில் வாரியம் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. சுகாதார அமைச்சர்கள் கடுமையாக எதிர்த்ததால் 2024 ஜூனில் மறுபடி கொண்டுவந்தது. அப்படியிருக்க, ஆறு வாரக் குழந்தையின் கழுத்தெலும்பைச் சரிசெய்கிறோம் என்று ஒரு கிளினிக் உங்களிடம் சொன்னது எனக்குக் கவலையாக இருக்கிறது. வாரியத்தின் இணையதளத்தில் அந்தக் கொள்கையை நீங்களே படித்துப் பார்க்கலாம்.

மெல்லத் தொடுவதால் குழந்தைக்கு அடிபடும் வாய்ப்பு குறைவு. எனக்கு அதைவிடப் பெரிய பயம், வேறு காரணம் இருக்கும்போது கழுத்தெலும்பு என்று நம்பி நாட்களைக் கடத்திவிடுவது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பச்சை நிறத்தில் வாந்தி, ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் பீய்ச்சி அடிக்கும் வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, துவண்டு கிடப்பது, திடீரென்று வழக்கத்துக்கு மாறாக வீறிட்டு அழுவது, தொடை இடுக்கில் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. அழும் குழந்தையின் கைவிரல், கால்விரல்களையும் ஒரு தடவை பாருங்கள். சில சமயம் அம்மாவின் தலைமுடி ஒன்று சுற்றி இறுக்கியிருக்கும், வெளியே தெரியாது.

அம்மா சொல்லும் உரம் பற்றி. தலை நிற்காத குழந்தையைச் சரியாகத் தூக்காவிட்டால் கழுத்திலோ முதுகிலோ பிடித்துக்கொண்டு வலியில் அழும் என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. சேலையில் போட்டு இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து உருட்டுவார்கள், சில ஊர்களில் முறத்தில் போட்டு உருட்டுவார்கள். டேவன்போர்ட்டில் பிறந்த கருத்தும் நம் கிராமத்துக் கருத்தும் அழுகைக்குக் காரணத்தை ஒரே இடத்தில், முதுகில் தேடுகின்றன. குழந்தை அழும்போது கைகட்டி உட்கார யாருக்கும் மனசு வராது என்பதுதான் இரண்டுக்கும் வேர் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் வாதாடாதீர்கள். அவர் கைக்கு வேலை கொடுங்கள். மெல்ல எண்ணெய் தடவி, இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி, தோளில் சாய்த்துத் தட்டிக் கொடுப்பதெல்லாம் நல்லது. சேலையில் உருட்டுவது, கை கால்களை இழுத்து மடக்குவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வசம்பு உரசி ஊற்றுவது இவை மட்டும் வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்த குழந்தைகள் இருக்கிறார்கள். "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று சொல்வது பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது.

அழுகைக்கு என்ன செய்யலாம் என்றால், முதலில் பால் குடிக்கும் விதத்தை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். வாய் சரியாகப் பற்றாமல் காற்றை விழுங்குவது, தாய்ப்பால் வேகமாகப் பீய்ச்சுவது, ஃபார்முலாவைத் தப்பான அளவில் கலப்பது இதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. அழுகையோடு மலத்தில் ரத்தமோ தோலில் கடுமையான எக்ஸிமாவோ (அரிப்புள்ள தோல் அழற்சி) இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமை இருக்கிறதா என்று ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) கேளுங்கள். நல்ல பாக்டீரியா கொண்ட புரோபயாடிக் சொட்டு மருந்து தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சில குழந்தைகளுக்கு உதவுகிறது, ஃபார்முலா குடிப்பவர்களுக்கு உதவுவதாகத் தெரியவில்லை. மற்றபடி தூக்கிக்கொண்டு நடப்பது, இருட்டறை, மெல்லிய தொடர் சத்தம். தாங்க முடியாத நேரத்தில் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அது தவறே இல்லை. எவ்வளவு எரிச்சல் வந்தாலும் யாரும் குழந்தையைக் குலுக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். விக்டோரியாவில் தாய் சேய் நல நர்ஸ் லைன் 13 22 29, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் கேளுங்கள், அம்மாவும் பேசலாம்.

ஒரு விஷயம் மட்டும் தனி. குழந்தை எப்போதும் ஒரே பக்கம்தான் தலையைத் திருப்புகிறதா, தலை ஒரு பக்கம் தட்டையாகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது பெரும்பாலும் கழுத்துத் தசை இறுகுவது, எலும்பு விலகல் கிடையாது. குழந்தைகளுக்கான பிசியோவிடம் போனால் எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் பொம்மையைக் காட்டுவது, விழித்திருக்கும்போது எப்படிக் குப்புறப் படுக்கவைப்பது என்று சொல்லித் தருவார். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் சரியாகும்.

சரி, உங்கள் கணவர். இடுப்பு வலிக்கு இந்தச் சிகிச்சையைப் பற்றி 2017இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பாய்வு, 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. புதிதாக வந்த இடுப்பு வலியில், நூறு புள்ளி அளவுகோலில் சுமார் பத்துப் புள்ளி வலி குறைந்தது. அவருடையதைப் போல நாள்பட்ட வலியிலும் மற்ற நல்ல சிகிச்சைகளுக்குச் சமமான பலன்தான் தெரிகிறது. மாயம் இல்லை, வெறும் கற்பனையும் இல்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் யோசிக்கலாம் என்கிறது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அந்த 'டக்' சத்தம் எலும்பு இடத்துக்கு வந்து உட்காரும் சத்தம் இல்லை, மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குழி உண்டாவதால் வருவது. சத்தம் வராவிட்டாலும் பலன் அதேதான்.

போகும் முன் ஜிபியைப் பார்க்கட்டும். சிறுநீர், மலம் போவதில் மாற்றம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலவீனமாவது இருந்தால் நேரே அவசரப் பிரிவு. ராத்திரியில் கூடும் வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் ஸ்கேன் பார்க்காமல் யாரும் முதுகில் கைவைக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு முதுகெலும்புக் காசநோய் ஒரு உண்மையான சாத்தியம். இங்குள்ள சிலர் அதை உடனே நினைப்பதில்லை, அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கழுத்தைத் திடீரென்று திருப்ப ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாக மூளைக்கு ஒரு ரத்தக்குழாய் போகிறது. அதன் சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். மிக அரிது. ஏற்கெனவே கிழிந்து கழுத்து வலியோடு வருபவர்களும் உண்டு என்பதால், எத்தனை சதவீதம் சிகிச்சையால் வருகிறது என்று ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. ஆனால் அவருக்கு வலி இடுப்பில். கழுத்தில் கைவைக்கக் காரணமே இல்லை.

முன்பணம் கட்டி இருபது, முப்பது சந்திப்புகளை வாங்காதீர்கள். ஆறு வாரத்தில் தெரியும் அளவுக்கு முன்னேற்றம் இல்லை என்றால் வழியை மாற்ற வேண்டும். முதல் நாளே முழு முதுகுக்கும் எக்ஸ்ரே கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். அபாய அறிகுறி இல்லாத இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே தேவையில்லை. அடிக்கடி வலி திரும்பும் பெரியவர்களில், முதல் சில சந்திப்பிலேயே பலன் தெரிந்தவர்களுக்கு மட்டும், தொடர்ந்து போவதால் ஆண்டுக்குப் பதின்மூன்று நாள் போல வலி நாட்கள் குறைந்தன என்று 328 பேரை வைத்து நடந்த ஒரு ஸ்வீடன் ஆய்வு சொல்கிறது. அவருக்கு அது பொருந்தினால் அப்போது யோசிக்கலாம். அதை விடவும் எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வு சிட்னியில் நடந்தது. இடுப்பு வலி சரியான 701 பேரில் ஒரு பகுதியினருக்கு, படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சியும் வலி பற்றிய விளக்கமும் கொடுத்தார்கள். வலி திரும்ப வர அவர்களுக்கு 208 நாள் ஆனது. எதுவும் தராதவர்களுக்கு 112 நாள். குழந்தையை வண்டியில் வைத்துத் தினமும் சாயங்காலம் நடந்தால் அழும் நேரத்துக்கும் சரியாக இருக்கும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. பிரசவமாகி ஆறு வாரம்தான் ஆகிறது, தூக்கம் இல்லை, மூன்று மணி நேர அழுகையைத் தினமும் தாங்குகிறீர்கள். தாய் சேய் நல நர்ஸுடனான எட்டு வாரச் சந்திப்பு வரப்போகிறது. குழந்தையின் எடையைப் பார்த்து முடித்ததும் உங்கள் இடுப்பு, மணிக்கட்டு, தையல், அப்புறம் மனசு எப்படி இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அந்தச் சந்திப்பு வரை காத்திருக்காமல் ஜிபியைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே இருக்கும் 'பாண்டா' உதவி எண் 1300 726 306.